பார்த்தது ஏழு மணிக்கு

பிப்ரவரி 3, திங்கள்

பழைய ஒயரை எல்லாம் பிடுங்கிப் போட்டேன். காலிங்பெல்லுக்குப் போடுகிற ஒல்லி ஒயர். இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் பாட்டுக் கேட்டேன் என்று வெட்கமாக இருந்தது. புது ஸ்பீக்கர் இரண்டும் மாடி அறையில் உட்கார்ந்துவிட்டன. ஆம்ப்ளிஃபயர் பழையதுதான், ரிச்சி தெருவில் சொல்லிச் செய்து வாங்கியது. ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் ஒரே அளவு ஓட்டை, ஒரே மாதிரித் தடித்த பின். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

இடது ஸ்பீக்கருக்கு நாலடி ஒயர் போதும், வலதுக்குப் பதினோரடி வேண்டும். கடைக்காரரிடம் இரண்டையும் பதினோரடியாக வெட்டச் சொன்னேன். "கரண்டுக்கு அதெல்லாம் தெரியாது சார்" என்று சிரித்தார். முப்பத்து நாலு வருஷம் தராசுக்கும் படிக்கல்லுக்கும் அரசாங்க முத்திரை வைத்தவன் நான். இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் எனக்குத் தெரியும், கரண்டுக்குத் தெரிகிறதோ இல்லையோ.

சுலோசனா கீழே இருந்து கூப்பிடுவதை இன்று எண்ணினேன். எண்ணாமல் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பாள். என்னங்க: பதினான்கு. தண்ணீர் கேன் வந்தது ஒன்று, ரிமோட் காணோம் என்பது ஒன்று, மழை வருமா என்பது ஒன்று. மழை வருமா என்று கேட்க ஒரு மனுஷனை மாடியிலிருந்து இறக்குவதா?

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளிடமே சொன்னேன். அவள் அசரவில்லை.

"அப்ப ஒரு ஒயரைக் கீழ இழுத்து விட்டுடுங்க. ஒரு ஸ்பீக்கர் என் ரூம்ல இருக்கட்டும். அதுல பேசுறேன்."

"ஸ்பீக்கர் பேசுறதுக்கு இல்ல, கேக்குறதுக்கு."

"யாரு சொன்னா? எக்ஸ்சேஞ்சுல மைக் போச்சுன்னா காதுல வைக்கிற பக்கத்துலயே பேசுவோம். எதிர்முனைல நல்லாக் கேக்கும். ஒயருக்குப் போற வழி, வர்ற வழின்னு தனியா இருக்கா என்ன?"

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். அதற்காக எனக்கு ஒயர் பாடம் எடுப்பதா?

பிப்ரவரி 6, வியாழன்

ஒயர் நுனியை வெறுமனே முறுக்கிச் சொருகுவதா, பின் வைத்துப் பற்றவைப்பதா என்று மூன்று நாளாக யோசனை. பின்தான் என்று முடிவு செய்து, தங்க முலாம் பூசியதாக நாலு ஜோடி ஆர்டர் போட்டேன். கூரியரில் வர நாலைந்து நாள் ஆகுமாம். அதுவரை ஆம்ப்ளிஃபயரில் ஒரு ஒயர்கூட இல்லை. பின் வரும்வரை வீட்டில் பாட்டு கிடையாது.

சுலோசனாவுக்கு இதில் பரம சந்தோஷம். "வீடு எவ்வளவு அமைதியா இருக்கு. இப்பவாவது கூப்பிட்டா காதுல விழும்" என்றாள்.

என்னங்க: பதினொன்று.

பிப்ரவரி 8, சனி

காலை 7.00. காப்பி கொடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். துண்டு ஒயர் எல்லாம் துடைப்பத்தில் மாட்டுகிறதாம். அந்தப் பொட்டிகளை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். இட்லி வேண்டாம் என்று மேலே வந்துவிட்டேன்.

10.15. ஒயர் நுனியை உரித்து ஒவ்வொரு இழையாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒரு இழைகூட அறுபடக் கூடாது. அறை அமைதியாக இருக்கிறது. மின்விசிறிகூடப் போடவில்லை, இழை பறக்கும்.

10.40. என்னங்க. காஸ்காரனாக இருக்கும். போகப்போவதில்லை.

10.42. மறுபடி. கொஞ்சம் இழுத்துக் கூப்பிடுகிறாள், கொஞ்சுகிற மாதிரி. காலையில் பேசிய பேச்சுக்கு இப்போது கொஞ்சல். கூப்பிட்டவுடன் ஓட நான் என்ன ஆபீஸ் பியூனா?

10.45. "என்ன" என்று மட்டும் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டாள். ரோஷம் வந்துவிட்டது போல. நல்லது.

12.20. சமையல் வாசனையே வரவில்லை. பசிக்கிறது. கீழே போய்ப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். சுலோசனா கீழே ஹால் தரையில் கிடந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சு இல்லை. கண் மட்டும் என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

நேற்று வந்து சேர்ந்தது மதியம் 12.55. டாக்டர் சின்ன வயதுக்காரர், அவசரமாகக் கேட்டார். "கடைசியா அவங்க நல்லா இருந்ததை எப்ப பார்த்தீங்க?"

"ஏழு மணிக்கு. காப்பி கொடுத்தா."

"அப்ப ஆறு மணி நேரம் ஆயிடுச்சு. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம். இனிமே போட்டா ஆபத்து சார்."

நர்ஸ் ஊசி டிரேயோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் தலையை ஆட்டியதும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எப்போது பார்த்தீர்கள் என்றார். பார்த்தது ஏழு மணிக்குத்தான். அதில் ஒரு நிமிஷம்கூடப் பிசகு இல்லை. கேட்டது எப்போது என்று அவர் கேட்கவில்லை.

வெளியே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழிலிருந்து ஒன்று, ஆறு மணி நேரம். பத்து நாற்பதிலிருந்து ஒன்று... அது தேவையில்லாத கணக்கு.

நர்மதாவுக்குப் போன் போட்டேன். பூனாவிலிருந்து கிளம்பிவிட்டாள். எங்களுக்கு ஒரே மகள். "நீங்க வீட்லதானேப்பா இருந்தீங்க, அம்மா கூப்பிடலையா?" என்று அழுதாள். மாடியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

நர்மதா வீட்டுக்குப் போய் அம்மாவுக்குத் துணி எடுத்து வந்தாள். அடுப்படியில் தோசை மாவு புளித்து வழிந்து மேடை எல்லாம் ஓடியிருந்ததாம். நேற்றே வந்திருக்க வேண்டிய கூரியரும் அப்போதுதான் வந்ததாம். கையெழுத்துப் போட்டு வாங்கி என் மேஜைமேல் வைத்தாளாம்.

"என்னப்பா அது, சின்ன டப்பாவா இருக்கு?"

"ஸ்பீக்கர் பின்" என்றேன்.

என்னங்க: இல்லை.

பிப்ரவரி 19, புதன்

வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. கீழ் அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில். நர்மதா வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டாள். காலையில் டயபர் மாற்றுவது அவள், பார்லி கஞ்சி வைப்பது நான். கஞ்சியை அளந்து அளந்து இருநூறு மில்லி ஊட்டுகிறேன். முழுங்கும்போது என் கையைப் பார்க்கமாட்டாள், முகத்தையே பார்ப்பாள். எனக்கு அது பிடிக்கவில்லை. வாயைத் துடைக்கிற சாக்கில் துண்டைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்கிறேன்.

பேச்சுப் பயிற்சிக்கு பெனிட்டா என்ற பெண் வருகிறாள். தினம் காலை பத்து மணியிலிருந்து பதினொன்று. கெட்டிக்காரப் பெண். "புரியறது எல்லாம் ஆன்ட்டிக்கு நல்லாப் புரியுது சார். சொல்லத்தான் வரலை. ஞாபகம் சுத்தமா இருக்கு" என்றாள்.

"பேச்சு திரும்பிடுமா?"

"வரும் சார். கண்டிப்பா வரும். எந்த வார்த்தை முதல்ல வரும்னுதான் சொல்ல முடியாது."

நல்ல செய்தி. நல்ல செய்திதானே.

பிப்ரவரி 22, சனி

பின்களைப் பற்றவைத்தேன். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. போட்டுக் கேட்டால் பாடுகிறவர் நடுவில் நிற்கவில்லை. குரல் சுவர் எல்லாம் பரவிக் கிடக்கிறது, அடித்தொண்டையே இல்லை. பேட்டரி வைத்துச் சோதித்தேன். இடது ஸ்பீக்கரின் தாள் வெளியே தள்ளுகிறது, வலது உள்ளே இழுக்கிறது. வலது பக்கத்தில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் சொருகியிருக்கிறேன். நான். இப்படி ஒரு தப்பை நான் செய்ததே இல்லை.

பாட்டுப் போட்டால் வார்த்தை வர உதவும் என்று பெனிட்டா சொன்னதால் கீழ் அறைக்கு ஒரு ஸ்பீக்கர் வைப்பதாக முடிவு. நர்மதாதான் ஆர்வமாக இருந்தாள். பழைய ஸ்பீக்கர் ஒன்று பரணில் கிடந்தது. வலது சானலில் எப்படிச் சேர்ப்பது என்று யோசித்தேன். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும். பக்கத்துப் பக்கத்தில் இணைத்தால் தனித்தனியாக ஓடும், ஆனால் ஆம்ப்ளிஃபயர் சுடும். இரண்டும் வேண்டாம். தனி ஒயர், தனிப் பின். தேவைப்படும்போது மேலே மாற்றிச் சொருகிக்கொள்ளலாம். படிக்கட்டு ஓரமாக ஒயரை இழுத்து, காலில் தட்டாமல் ஆணி அடித்துவிட்டேன்.

ஸ்பீக்கரைச் சுலோசனாவின் தலைமாட்டில் வைத்தபோது அவள் அந்த ஒயர் போகும் வழியையே பார்த்தாள். மூலைவரை, கதவுவரை, படிவரை. பிறகு என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்று ஒரு தப்பு நடந்தது. கீழ் ஸ்பீக்கரின் பின்னைக் கண்ணாடி போடாமல் சொருகினேன். பாட்டு கீழே கேட்கவில்லை என்று நர்மதா வந்து சொன்னாள். என்ன கோளாறு என்று பார்க்க ஹெட்போனை மாட்டினேன். நர்மதா கீழே இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் காதுக்குள் கேட்டது. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல, "தண்ணி வேணுமாம்மா?"

பின் மைக் ஓட்டையில் போயிருந்தது.

சுலோசனா சொன்னது சரிதான். ஒயருக்குப் போகிற வழி, வருகிற வழி என்று தனியாக இல்லை. உடனே மாற்றிச் சொருகினேன்.

உடனே என்று எழுதியது சரியில்லை. இருபது நிமிஷம் கழித்து.

மார்ச் 3, திங்கள்

பயிற்சி நேரத்தில் பாட்டு இடைஞ்சல் என்று நானே நர்மதாவிடம் சொல்லிவிட்டேன். பத்திலிருந்து பதினொன்று வரை பின் மைக் ஓட்டையில் இருக்கிறது. நோயாளியின் முன்னேற்றத்தைப் புருஷன் தெரிந்துகொள்வதில் தப்பு ஒன்றும் இல்லை. எதிரே உட்கார்ந்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

இன்று முதல் வார்த்தை. "த...ண்ணி." பெனிட்டா கைதட்டினாள். நர்மதா அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. கூடவே பயமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் எது எதற்கு என்று தெரியவில்லை.

பயிற்சி முடிகிற சமயம் பெனிட்டா கேட்டாள்: "ஆன்ட்டி ஏன் எப்பப் பாரு அந்த ஸ்பீக்கரையே பாக்குறாங்க?"

"பாட்டு கேக்கணும் போல" என்றாள் நர்மதா.

மார்ச் 5, புதன்

காஸ் வந்தது. கொண்டுவந்த பையன் கட்டிலைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு என்னாச்சு சார்? போன மாசம் எட்டாம் தேதி பத்தரைக்கு வந்தேன், நல்லாத்தானே பேசிச்சு. டீகூடக் குடுத்துச்சே" என்றான். நர்மதா பக்கத்தில் நின்றாள். தேதி எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று அவனைக் கேட்டேன். புத்தகத்தில் எழுதியிருக்கிறது சார் என்று எடுத்துக் காட்டினான். சுலோசனாவின் கையெழுத்து. கோணாமல், நேராக, முழுப் பெயராக.

நர்மதா சிலிண்டரை உருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு என்ன பாட்டுப்பா ஓடுச்சு?"

"ஞாபகம் இல்லம்மா. பழசு ஏதோ."

"ம்" என்றாள். ரசத்தை என் தட்டில் ஊற்றாமல் அடுப்படிக்கே திருப்பிக் கொண்டுபோனாள்.

சாயங்காலம் மேஜை டிராயரைத் திறந்தேன். கூரியர் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 12 என்று தேதி இருக்கிறது, பின் இல்லாத 8ஆம் தேதி பாட்டு ஓடியிருக்க முடியாது. சீட்டைக் கிழித்துப் போட்டேன். கிழித்த பிறகுதான் நினைத்தேன், வாங்கிக் கையெழுத்துப் போட்டதே நர்மதாதான்.

இந்த நோட்டிலும் ஒரு தாள் இருக்கிறது. பிப்ரவரி 8. கையில் பிடித்துப் பார்த்தேன். ஆனால் பதிவேட்டில் தாள் கிழித்த கடைக்காரர்களை நான் எத்தனை பேரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். கை வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்று எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பெனிட்டா சொல்லச் சொல்லச் சுலோசனா திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்றும் வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. பெனிட்டா போன் பேச வெளியே போனாள். அப்போது நர்மதாவின் குரல் மிகவும் தாழ்ந்து கேட்டது. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அம்மா. அன்னைக்கு எப்பம்மா விழுந்தே? அப்பா ஏழு மணின்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்காரு. ஏழு மணியா?"

கட்டில் கிறீச்சிட்டது. மூச்சு. ரொம்ப நேரம் மூச்சு.

"ப... த்து."

பெனிட்டா உள்ளே வந்துவிட்டாள். "பத்தா? பாத்தீங்களா, ஒண்ணுல ஆரம்பிக்கச் சொன்னா நேரா பத்துக்குப் போயிட்டாங்க. சூப்பர் ஆன்ட்டி. பத்துக்கு அப்புறம் என்ன? பதி... பதி..."

"நா..." என்றாள் சுலோசனா. "நா... ப்ப... து."

"இல்ல ஆன்ட்டி, பதினொண்ணு. பரவால்ல, நம்பர் மாறி மாறித்தான் வரும். போகப்போக சரியாயிடும்."

பத்தும் வந்துவிட்டது, நாற்பதும் வந்துவிட்டது. ஏன் அந்த நேரம் சுலோசனாவுக்கு இவ்வளவு சரியாகத் தெரியும்? கீழே ஹாலில், படிக்கு எதிரே, பெரிய கடிகாரம். அதை மாட்டியவன் நான். தரையில் கிடந்தால் நேர் எதிரே தெரியும்.

மத்தியானம் சாப்பிடும்போது பேச்சுக்காகச் சொன்னேன்: "நம்பர் எல்லாம் வர ஆரம்பிச்சிடுச்சு போல. நல்லதும்மா."

நர்மதா தலை தூக்கினாள். "நீங்க மேலதானேப்பா இருந்தீங்க?"

"பெனிட்டா போகும்போது சொன்னா."

"பெனிட்டா பின்பக்கமாப் போனாப்பா. அவ வண்டிய அங்கதான் நிறுத்துவா."

தண்ணீர் குடித்தேன். அவள் கதவு வழியாக அம்மாவின் அறையைப் பார்த்தாள். அங்கிருந்து சுவர் ஓரம் ஓடும் ஒயரைப் பார்த்தாள். நான் அடித்த ஆணி ஒவ்வொன்றாக, படிவரை.

மார்ச் 8, சனி

ஒரு மாதம் ஆகிவிட்டது. யாரும் அதைச் சொல்லவில்லை.

கஞ்சி ஊட்டப் போனேன். நர்மதா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "நான் பாத்துக்கறேம்பா. நீங்க பாட்டுக் கேளுங்க."

மார்ச் 10, திங்கள்

காலை 9.30. இரண்டு வழி இருக்கிறது. ஒயரைக் கழற்றிவிடலாம். கழற்றினால் ஏன் கழற்றினேன் என்று கேட்பார்கள். இல்லை, ஸ்பீக்கர் ஓட்டையிலேயே சொருகி ஏதாவது பாட்டைப் போட்டுவிடலாம், சத்தமாக. அப்படிச் செய்தால் கேட்கவில்லை என்று சொன்னது இன்றைக்காவது உண்மையாகும்.

10.05. மைக் ஓட்டையில்தான் சொருகியிருக்கிறேன். தெரிந்துகொள்ளாமல் உட்கார முடியவில்லை. பெனிட்டாவின் வண்டிச் சத்தம் வரவில்லை. இன்றைக்கு அவளை வர வேண்டாம் என்று நர்மதா சொல்லிவிட்டாளா?

10.20. கட்டிலை நகர்த்துகிற சத்தம். ஸ்பீக்கர் பக்கமாகத் திருப்புகிறாள் போல. நர்மதா: "மெதுவாம்மா. நான் பிடிச்சிருக்கேன்."

10.30. ஒன்றும் இல்லை. கடிகாரத்தின் டிக் டிக் மட்டும் வருகிறது. அது ஹாலில்தானே இருந்தது? நர்மதா கழற்றி அம்மாவின் அறைக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

10.38. மூச்சு. ரொம்பப் பக்கத்தில், ஸ்பீக்கர் துணியோடு வாயை ஒட்டி வைத்த மாதிரி. என் இரண்டு காதுக்குள்ளும் அவள் மூச்சு விடுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

10.40. என்னங்க.

தடுமாறாமல், உடையாமல். எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் பேசிய குரல். ஒரு மாதமாக இந்த ஒரு வார்த்தையைத்தான் உள்ளே வைத்துத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள் போல.

எழுந்து போகலாம். பன்னிரண்டு படி. பேனாவைக் கீழே வைக்கவில்லை.

10.42. என்னங்க.

இழுத்துக் கூப்பிடுகிறாள். கொஞ்சல் என்று அன்றைக்கு எழுதினேன். கொஞ்சல் இல்லை. அன்றைக்கும் இல்லை. நாக்கு இழுத்துக்கொண்டது.

10.45. "என்ன." அவ்வளவுதான். பாதியில் நிறுத்திவிட்டாள், அன்றைக்கு நிறுத்திய அதே இடத்தில்.

இப்போது நர்மதாவின் குரல். அழவில்லை, கத்தவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாகக் கேட்கிறாள்.

"அப்பா. அம்மா மூணு தடவை கூப்பிட்டாங்க. கேட்டுதா?"

பன்னிரண்டு படி. முதல் படியில் செருப்புச் சத்தம். ஹெட்போனில் கேட்கிறது, ஹெட்போனைக் கழற்றினாலும் கேட்கிறது. நோட்டை மூடி டிராயரில் வைக்க நேரம் இருக்கிறது. மூடவில்லை. கணக்கை எழுதி முடிக்க வேண்டும்.

என்னங்க: மூன்று. மூன்றும் கேட்டது.